ஊர்க் கால்பந்து மன்றத்தின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

பொன்விழா நெருங்கும்போதுதான் பெரும்பாலான ஊர்க் கால்பந்து மன்றங்களுக்குத் தங்கள் வரலாற்றின் நினைவு வருகிறது. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் யாரோ ஒருவரிடம் மலருக்குக் கட்டுரை கேட்பார்கள். அவரும் வென்ற கோப்பைகளை வரிசைப்படுத்தி, நிறுவியவர்களுக்கு நன்றி சொல்லி, ஒப்படைத்துவிடுவார். வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊர் மன்றத்திற்கும் அப்படித்தான் நடந்தது. வெள்ளி விழா மலரில் ஒரு தொடக்க ஆண்டும் அடுத்த மலரில் அதைவிட நான்காண்டு முந்தைய ஓர் ஆண்டும் அச்சாகியிருந்தன. இரண்டுக்கும் ஆதாரம் எவரிடமும் இல்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஓராண்டுக்கு மேல் அலைந்ததில் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். காவிரி டெல்டாவில் இதே வேலையில் இறங்குவோருக்கு இவை பயன்படக்கூடும்.

கோப்பைகளிலிருந்து தொடங்காதீர்கள், கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். கோப்பை வென்ற நாளை மட்டுமே சொல்லும், கணக்குப் புத்தகமோ தோற்ற நாளையும் சொல்லும். வெளியூர்ப் போட்டிக்குக் கட்டிய நுழைவுக் கட்டணம், பேருந்துச் செலவு, பந்துக்குள் வைக்கும் பிளாடர், அதன் வாயை இறுக்கும் தோல் லேஸ், கோடு போடச் சுண்ணாம்பு, இடைவேளைக்கு எலுமிச்சை, சோடா என்று போகும் அந்த வரிகளில் மன்றம் எந்தெந்த ஊருக்குப் போனது, எத்தனை ஆட்டம் தாக்குப்பிடித்தது என்பதெல்லாம் மறைந்திருக்கும். எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கத்தில், ‘போக்குவரத்து’ என்ற செலவு மூன்று ஞாயிறுகளுக்கு எழுதப்பட்டு, நான்காம் ஞாயிற்றுக்குக் கோடு இழுத்து, ‘ஆட்டம் இல்லை’ என்று பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தது. அந்தப் போட்டியில் மன்றம் இறுதி ஆட்டம் வரை போனது என்று எல்லோரும் சொல்லிவந்தார்கள். அரையிறுதியோடு திரும்பியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பென்சில் வரியே காட்டிக்கொடுத்தது. இத்தகைய புத்தகம் பெரும்பாலும் பழைய பொருளாளர் வீட்டுப் பரண்மேல் இருக்கும். அவர் காலமாகியிருந்தால் அவர் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். எதை எங்கே வைத்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து, மன்றம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் இன்று சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. அது 1978இல் நடைமுறைக்கு வருவதற்கு முன் 1860ஆம் ஆண்டின் பழைய மத்தியச் சட்டம் வழக்கிலிருந்தது. பழைய ரசீதில் உள்ள ரப்பர் முத்திரையில் பதிவு எண் இருந்தால், அதைக் கொண்டு விண்ணப்பித்துச் சான்றிட்ட நகல் கேட்கலாம். ஆனால் பதிவு ஆண்டும் தொடக்க ஆண்டும் ஒன்றல்ல. பல மன்றங்கள் பத்துப் பதினைந்து ஆண்டு திடலில் ஆடிய பிறகே, உதவித்தொகை கேட்பதற்காகவோ வங்கிக் கணக்கு தொடங்குவதற்காகவோ பதிவு செய்துகொண்டன.

தேதியில்லாத தாள்களுக்கு ஆண்டு கண்டுபிடிப்பதே இந்த வேலையின் சுவையான பகுதி என்பேன். போட்டித் துண்டறிக்கைகளில் ‘வருகிற ஞாயிறு’ என்று இருக்குமே தவிர, ஆண்டு இருக்காது. அதற்குச் சில அடையாளங்கள் உதவும். நுழைவுக் கட்டணம் அணாக் கணக்கில் இருந்தால், தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையதாகவோ அதையொட்டியதாகவோ இருக்கலாம். ‘நயா பைசா’ என்றிருந்தால், ‘நயா’ என்ற அடைமொழி 1964இல் கைவிடப்பட்டதை நினைவிற்கொள்ளுங்கள். சான்றிதழில் ‘சென்னை மாநிலம்’ என்று அச்சாகியிருந்தால், தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14க்கு முந்தையதாகக் கொள்ளலாம். கடிதத் தாளில் அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால், அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. ‘மாயவரம்’ என்ற ஊர்ப்பெயர் அதிகாரப்பூர்வமாக மயிலாடுதுறை ஆனது 1982இல். ஆனால் மக்கள் பேச்சில் மாயவரம் இன்றும் இருப்பதால், அரசு முத்திரையில் பார்த்தால் மட்டுமே அதை நம்புங்கள். ‘லை’, ‘னை’ ஆகிய எழுத்துகள் யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவில் இருந்தால், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய அச்சு என்று ஊகிக்கலாம். ஈய எழுத்துகளை மாற்றப் பணமில்லாத சிறு அச்சகங்கள் பிறகும் பழைய எழுத்திலேயே அடித்துவந்தன. ஆகவே இது ஊகமே, முடிவு அன்று. காரைக்கால் பக்கத்து மன்றங்களின் தாள்களில் பிரெஞ்சு முத்திரையைக் கண்டால், அப்பகுதி 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்திற்கு வந்தது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், 1977 ஏப்ரலில் தொடங்கிய பிங்கள ஆண்டின் மாசி என்பது 1977 அல்ல, 1978. மேலும் அறுபதாண்டு சுழற்சியில் அதே பெயர் திரும்ப வரும். விகாரி 1959இலும் வந்தது, 2019இலும் வந்தது.

டெல்டாவில் மட்டும் கிடைக்கும் இன்னொரு சான்று, தண்ணீர். இங்கு பல மன்றங்களுக்குச் சொந்தத் திடல் கிடையாது. சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் எடுத்து முடித்த வயலில்தான் வரப்பை வெட்டிச் சமன்படுத்தி, சவுக்குக் கம்பு நட்டு, கடலோரத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கிக் கட்டி ஆடினார்கள். எனவே போட்டிகள் சித்திரை, வைகாசியில் நடந்தன. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் திடல் நாற்றங்காலாகிவிடும். அணை திறந்த தேதிகள் அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் கிடைக்கின்றன. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12இல் அணை திறக்கப்படவில்லை. 2022இலோ மே 24இலேயே திறந்துவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பிய கடைமடை ஊரில் ஆடி மாதம் வயலில் இறுதி ஆட்டம் நடந்ததாக ஒருவர் சொன்னால், அது தண்ணீர் வராத ஆண்டா என்று பாருங்கள். எங்களுக்கு இந்த வழியில் இரண்டு போட்டிகளின் ஆண்டு உறுதியானது. ஆழ்குழாய்க் கிணறு உள்ள ஊர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இனி, மனிதர்களிடம் கேட்பது. மூத்த ஆட்டக்காரர்களைக் கூட்டமாக உட்கார வைத்துக் கேட்டால், குரல் பெரிய ஒருவர் சொல்வதையே மற்றவர்கள் ஆமோதிப்பார்கள், தனித்தனியாகச் சந்தியுங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காதீர்கள், ‘எதற்கு முன், எதற்குப் பின்?’ என்று கேளுங்கள். 1952, 1977 நவம்பர்ப் புயல்கள், 2004 சுனாமி, 2018 கஜா ஆகியவற்றைக் கரையோர ஊர்களில் எவரும் மறப்பதில்லை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மகாமகத்தைவிட நல்ல அளவுகோல் இல்லை: 1956, 1968, 1980, 1992, 2004, 2016. எங்கள் மன்றத்தின் முதல் சுழற்கோப்பை எப்போது வந்தது என்பதில் ஒருவர் 77 என்றார், இன்னொருவர் 82 என்று சத்தியம் செய்தார். மூன்றாமவர், அந்நாளில் ரைட் அவுட், அதாவது முன்வரிசையின் வலது ஓரத்தில் ஆடியவர், திண்ணையில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “மாமாங்கத்துக்குப் போயிட்டு வந்த கோடைதான் தம்பி. எங்க அக்கா குடத்துல தீர்த்தம் கொண்டாந்து வச்சிருந்தா, கப்பை அதுலதான் கழுவுனோம்.” மகாமகம் மாசியில் வருவது; ஆகவே 1980 கோடை. பிறகு ஆண்டுவாரியாகத் தகடு அடித்திருந்த கோப்பையின் மரப்பீடத்தைத் துடைத்துப் பார்த்தபோது, தகடு கழன்று விழுந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகளும், அடுத்த தகட்டில் 1981 என்ற பொறிப்பும் இருந்தன. தீர்த்தக் கதையை நான் மலரில் சேர்த்தேன். ஆனால் ஆண்டுக்குச் சான்றாக மகாமகத்தையும் பீடத்தையும் மட்டுமே காட்டினேன்.

பேட்டி எடுக்கும்போது பழைய ஆட்டச் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சென்டர் ஃபார்வர்டு, லெஃப்ட் இன், ரைட் ஹாஃப் என்று அவர்கள் சொல்வதை இன்றைய மிட்ஃபீல்டர் ஆக்கிவிட்டால், ஐந்து பேர் முன்வரிசையில் நின்று ஆடிய காலமே அழிந்துவிடும்.

சாதனைகளைப் பட்டியலிடும் இடத்தில்தான் மலர்கள் அதிகம் சறுக்குகின்றன. ‘மாவட்டச் சாம்பியன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் மாவட்டம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் பிறந்தவை. 1985இல் தஞ்சாவூர் மாவட்டச் சாம்பியன் என்றால், கல்லணைப் பக்கத்திலிருந்து வேதாரண்யம் வரை, கொள்ளிடத்தின் தென்கரை முழுவதும் உள்ள அணிகளுக்கு நடுவில் வென்றதாகப் பொருள். இன்று அதே பட்டம் அந்தப் பரப்பில் ஒரு பகுதிக்குத்தான். இரண்டையும் ஒரே வரிசையில் ஒரே எழுத்தளவில் அச்சிடுவது பழைய ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநீதி. ஆகவே ஒவ்வொரு வெற்றிக்கும் ஆண்டு, போட்டி நடந்த ஊர், நாக் அவுட்டா லீக்கா, பதினொருவரா எழுவரா, கலந்துகொண்ட அணிகள், இறுதி எதிரணி, கோல் கணக்கு ஆகியவற்றில் தெரிந்தவற்றைக் குறியுங்கள். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் கோடு போட்டு விடுங்கள். எழுவர் போட்டிகளில் வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குவது எல்லோரும் அறிந்த வழக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. வந்தவர் பெயரையும் அணிப் பட்டியலில் சேர்த்து, பக்கத்தில் ஒரு குறி இட்டால் போதும்.

சமனில் முடிந்த ஆட்டங்களைப் பற்றிய கதைகளையும் சோதியுங்கள். பெனால்டி அடித்து வெற்றியை முடிவு செய்யும் முறை உலகக் கால்பந்து விதிகளில் 1970இல்தான் இடம்பெற்றது. மஞ்சள், சிவப்பு அட்டைகளும் அதே ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் அறிமுகமாயின. அறுபதுகளின் தொடக்கத்தில் டை பிரேக்கரில் வென்றோம், அவர்கள் கோல் கீப்பருக்குச் சிவப்பு அட்டை கொடுத்தார்கள் என்று ஒருவர் விவரித்தால், அவர் பொய் சொல்லவில்லை, இரண்டு ஆட்டங்களை ஒன்றாக்கிவிட்டார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அதே போல, ‘இந்தியா ஆடியவர்’ என்று ஊர் சொல்பவர் பெரும்பாலும் அகில இந்தியப் பள்ளி விளையாட்டிலோ பல்கலைக்கழகப் போட்டியிலோ ஆடியவராக இருப்பார். அதுவே பெரிய சாதனைதான். சந்தோஷ் கோப்பை 1941 முதல் மாநில அணிகளுக்காக நடப்பது. அதில் ஆடியதாகச் சொன்னால், சான்றிதழையோ அந்த ஆண்டு நாளிதழையோ பார்த்த பிறகே எழுதுங்கள். அப்படிப்பட்டவர் படித்த கல்லூரி, வேலை பார்த்த நிறுவனம் ஆகியவற்றின் மலர்களிலும் தேடலாம். நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகளும், நாகையிலிருந்து பொன்மலைக்குப் போன ரயில்வே பணிமனையும் டெல்டா இளைஞர்களை நிறைய ஈர்த்த இடங்கள்.

திடலின் வரலாறு தனி அத்தியாயமாகவே அமையட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் அந்தப் புல எண் புறம்போக்கா, கோயில் நிலமா, தனியார் பட்டாவா என்று தெரியும். யார் நிலத்தில் ஆடினோம் என்ற கேள்வி, யாரெல்லாம் ஆட அழைக்கப்பட்டார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கினார்கள் என்ற கேள்விக்கும் இட்டுச்செல்லும். மலருக்கு நன்கொடை தருவோர் முகம் சுளிக்கலாம். எங்கள் குழுவிலும் ஒரு மாலை முழுக்க வாக்குவாதம் நடந்து, பிறகு அந்தப் பத்தி நின்றது.

வியப்பு என்னவென்றால், அறுபதுகளைவிட 2005க்குப் பிந்தைய ஆண்டுகள்தான் தொகுக்கக் கடினமானவை. துண்டறிக்கை போய் பிளெக்ஸ் வந்தது. போட்டி முடிந்ததும் அது வைக்கோல் போரை மூடப் போய்விடும். ஓர் இறுதி ஆட்டத்தின் பரிசு விவரத்தை மாட்டுக்கொட்டகைக் கூரையில் அண்ணாந்து படித்து எழுதினேன். கைப்பேசிப் படங்கள் பழுதான கருவிகளோடு தொலைந்துவிட்டன. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆட்டக்காரர்களிடம் கேட்டால், அனுப்பிய படங்கள் சில அவர்களிடம் இருக்கும்.

கிடைத்தவற்றைக் காப்பதில் ஒன்றே ஒன்றை வலியுறுத்துவேன்: சான்றிதழையும் படத்தையும் லேமினேஷன் செய்யாதீர்கள், அதன்பின் அதைப் பிரிக்க முடியாது, ஐப்பசி ஈரம் உள்ளே இருந்தால் அங்கேயே பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட குழுப் படத்தைப் பிய்க்காமல், நிழலில் வைத்து அப்படியே படமெடுங்கள். தனியாக உள்ள படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் முகங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுத வேண்டாம், மென்மையான பென்சில் போதும். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, குறித்த நாளில் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீட்டில் சொன்னபடி திருப்பினால் அடுத்த இரண்டு வீடுகளில் பெட்டி தானாகத் திறக்கும்.

அச்சுக்கு அனுப்புமுன் மெய்ப்பை மூத்தவர்கள் கூடும் இடத்தில் ஒரு மாலை உரக்கப் படியுங்கள். எழுத்தில் பார்த்தால் தலையாட்டுபவர்கள் காதால் கேட்டால் திருத்துவார்கள். முகவரி, தொலைபேசி எண், வயது ஆகியவற்றை உரியவர் ஒப்புதலின்றிச் சேர்க்க வேண்டாம். பெயர் தெரியாத முகங்கள் உள்ள படங்களை ஒதுக்கிவிடாமல், வரிசை எண் இட்டு மலரின் கடைசிப் பக்கங்களில் போடுங்கள். எங்கள் மலரில் அப்படிப் பதினொரு முகங்கள் இருந்தன. விழாவன்று பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி நான்காம் எண்ணில் விரலை வைத்து, “இது எங்க வீட்டுக்காரரு, கோலி நின்னாரு” என்றார். இப்போது பத்து.