பாஸ்வேர்டு சரி, ஆனாலும் மேக் உள்ளே விடவில்லையா?

விண்டோஸ் கணினியிலிருந்து மேக்கில் உள்ள ஃபோல்டரைத் திறக்கும்போது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், மேக்கில் ஒரு டிக் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், ஷேரிங் என்று போய், ஃபைல் ஷேரிங் பக்கத்தில் இருக்கும் 'i' குறியை அழுத்துங்கள். அங்கே ஆப்ஷன்ஸைத் திறந்தால், விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்பதன் கீழ் பயனர் பெயர்கள் இருக்கும். உரிய பெயரை டிக் செய்து, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒருமுறை கொடுங்கள்.

மேக் வழக்கமாகப் பாஸ்வேர்டைச் சேமிக்கும் முறை, விண்டோஸ் அதைச் சரிபார்க்கும் முறையோடு ஒத்துப்போகாது. டிக் செய்ததும் விண்டோஸுக்கு ஏற்ற வடிவத்திலும் அது சேமிக்கப்படுகிறது. இந்த வடிவம் பாதுகாப்பில் கொஞ்சம் குறைவு. அதனால் எல்லாப் பெயர்களையும் டிக் செய்ய வேண்டாம்; ஃபைல் பகிர்வுக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதை மட்டும் டிக் செய்வதுதான் நல்லது.

பாஸ்வேர்டு கேட்கும் கட்டமே வராமல், மேக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று விண்டோஸ் சொன்னால் இது உதவாது. அப்போது முதலில் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்; ஒன்று கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கென்று தனியாக வைக்கும் வைஃபை) இருந்தால் பெரும்பாலும் மற்றது அதன் கண்ணில் படாது. மேக்கிலிருந்து விண்டோஸ் ஃபோல்டரைத் திறப்பதற்கும் இந்த டிக்குக்கும் சம்பந்தமில்லை.