ஆட்டு மருந்த நாய்க்குட்டிக்கு போட்டா என்னாகும், அப்புறம் என்னென்ன தப்பு பண்ணக்கூடாது

உசிலம்பட்டி பக்கம் எங்க பெரியப்பா வீட்ல ரெண்டு மாச சிப்பிப்பாறை குட்டி ஒண்ணு, ரெண்டு கிலோ இருந்தாலே அதிகம், உடம்பு பூரா சொறி. ஆட்டுக்கு வாங்கி மிச்சமிருந்த ஐவர்மெக்டின்ங்குற பூச்சி ஊசி மருந்த எடுத்து அவரே போட்டுட்டாரு. "ஆட்டுக்கே ஒரு மில்லி போடுறோம்டா, இதுக்கு அர மில்லிதான போட்டேன்"னு ரொம்ப நியாயமா பேசுனாரு. ராத்திரி பாத்தா குட்டி செவுத்துல போய் முட்டுது, கண்ணு பாப்பா விரிஞ்சு கெடக்கு, எச்சி ஒழுகுது, பின்னங்காலு ரெண்டும் தள்ளாடுது.

அந்த அர மில்லிய கணக்கு போட்டா வயித்த கலக்கும். 1% மருந்துல ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு. ஆடு மாட்டுக்கு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 50 கிலோ உடம்புக்குத்தான் ஒரு மில்லி. அதே கணக்குல பாத்தாலும் ரெண்டு கிலோ குட்டிக்கு 0.04 மில்லிதான் வருது, போனது பன்னெண்டு மடங்குக்கு மேல. சாதா சிரிஞ்சுல 0.04 எங்க இருக்குன்னு கண்ணாடி போட்டாலும் தெரியாது. இத வச்சு நீங்களா ஊசி போட கெளம்பிராதீங்கப்பா, அதுக்காக சொல்லல.

"நம்மது நாட்டு நாயி, எதையும் தாங்கும்"னு ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது அடுத்த தப்பு. இந்த மருந்து பூச்சியோட நரம்ப முடக்கித்தான் கொல்லுது, நாயோட மூளைக்குள்ள அது போகாம ஒரு புரதம் வாசல்ல காவல் நிக்கிது, அளவு மீறுனா எந்த நாயா இருந்தாலும் காவல தாண்டி உள்ள போயிரும், குட்டிகளுக்கு அந்த வேலியே இன்னும் முழுசா கட்டியிருக்காது. கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஜெர்மன் ஷெப்பர்ட்ல சிலது, இதுகளுக்கு எம்டிஆர்1னு ஒரு ஜீன்ல கோளாறு இருந்தா காவலே கெடையாது, ஆட்டுக்கு போடுற அதே 0.2 கணக்கே உயிருக்கு உலை வச்சிரும்.

தள்ளாடுற நாய்க்கு வாயத் தொறந்து பால் ஊத்துறது, உப்புத்தண்ணி ஊத்துறது, இத மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. முழுங்க முடியாத நாய்க்கு ஊத்துனது நுரையீரலுக்குள்ள போகும், மருந்துல தப்பிச்ச நாயி நிமோனியாவுல போயிரும். பாட்டில கையில எடுத்துக்கிட்டு நேரா மாட்டாஸ்பத்திரிக்கு வெரசா போங்க, எத்தன மில்லி போட்டீங்கன்னு திட்டுக்கு பயந்து கொறச்சு சொல்லாதீங்க.

ஆனா எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்குறது சீக்கிரமே கைய விட்டுர்றதுதான். இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாது, மருந்து பாதி எறங்கவே ரெண்டு நாளுக்கு மேல ஆகும், அதுனால நாய் நாலஞ்சு நாளு அசையாம கெடக்கும், சிலது வாரக்கணக்குல கெடக்கும், வீட்ல இருக்கவங்க "இனி தேறாது, விட்ரு"ன்னு சொல்லிருவாய்ங்க. டிரிப் ஏத்தி, சில டாக்டருங்க கொழுப்பு டிரிப்பும் ஏத்துவாங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டி போட்டு, கண்ணு காயாம மருந்து விட்டு, உடம்பு சூடு எறங்காம பாத்துக்கிட்டா நெறைய நாய்ங்க எந்திரிச்சிரும். பார்வையும் பெரும்பாலும் சில நாள்லயோ சில வாரத்துலயோ திரும்பிரும். எங்க குட்டிக்கு ஆறாம் நாளு பெரியம்மா கைய ஆட்டுனா தல திரும்புச்சு. பின்னாடி நெலச்சு நிக்கிற பாதிப்பு அனேகமா நீண்ட வலிப்பு, நுரையீரல்ல போன பாலு, ஒரே பக்கம் கெடந்து வந்த படுக்கைப்புண்ணு, இதுகளாலதான் வருது.

எந்திரிச்சு ஓடுதுல்லன்னு விசயத்தையே மறந்துர்றதும் தப்புதான். தடுப்பூசி புக்ல முதல் பக்கத்துலயே எழுதி வைங்க. சரியான அளவுக்கே ஒரு நாய் இப்படி ஆயிருச்சுன்னா அந்த ஜீன் கோளாறா இருக்கலாம், அதுக்கு வயித்தால போகுதுன்னு நம்ம லோபராமைடு மாத்திரைய குடுத்தா மறுபடியும் மயக்கம்தான், தெரு நாய்ங்களுக்கு சாதாரணமா வர்ற அந்த பிறப்புறுப்பு கட்டிக்கு போடுற வின்கிறிஸ்டினும் ஒத்துக்காது. டாக்டருக்கு நீங்க சொன்னாத்தான தெரியும்.

உண்ணிக்கு தேய்க்கிற அமிட்ராஸ் மருந்து வேற கதை, அது ஏறுனா நாடி கொறஞ்சு சொக்கிப்போய் கெடக்கும், ஆனா அதுக்கு முறிவு மருந்து உண்டு, அதுனாலதான் எந்த பாட்டிலுன்னு தெரியணும். நாய்க்கு ஊத்துற பெர்மெத்ரின் சொட்டு மருந்த பூனைக்கு ஊத்திராதீங்க, பூனை ஈரலால அத ஒடைக்க முடியாது, வலிப்பு வந்துரும்.

ஒண்ண விட்டுட்டேன். திருமங்கலம் சந்தையில ஆடு வாங்கிட்டு வந்ததும் பூச்சி மருந்து குடுப்போம்ல, அது ஐவர்மெக்டினா இருந்தா பெரும்பகுதி சாணி புழுக்கையிலதான் வெளிய வருது. கொஞ்ச நாளைக்கு கொட்டத்த கூட்டி அள்ளி நாய் வாய் வைக்காத எடத்துல போடுங்க, குதிர சாணிய தின்னே நாய்ங்க விஷமாகி கெடந்துருக்கு.