சிறு குழந்தைகளுக்குப் பாதுகாப்பான விளையாட்டுக் கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டுக்குள் விரிக்கும் விளையாட்டுக் கூடாரம் மற்ற பொம்மைகளிலிருந்து வேறுபட்டது; குழந்தை அதனுள்ளேயே நுழைந்துவிடுகிறது. ஆகவே, துணியின் நிறத்தையும் படங்களையும் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். பயந்துபோன குழந்தையால் யாருடைய உதவியும் இல்லாமல் வெளியே வர முடியுமா? வெளியே இருக்கும் பெரியவருக்கு உள்ளே நடப்பது தெரியுமா?

படி 1: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

கூடாரத்தின் அடிப்பகுதிக்கு மட்டுமல்ல, அதைச் சுற்றி நடக்கவும் இடம் வேண்டும். குழந்தை உள்ளே தலை நிமிர்ந்து நிற்கும் உயரம் இருந்தால் போதும்.

படி 2: வாசலைச் சோதியுங்கள்

திரைச்சீலை போல இரு பக்கமும் விலகும் வாசலே மிகவும் நல்லது. கொக்கி, பொத்தான், ஜிப் ஆகியவற்றால் மூடும் வாசல் வேண்டாம். குழந்தை உள்ளே செல்லக்கூடிய பொம்மைகளின் கதவு உள்ளிருந்து தள்ளினாலே திறக்க வேண்டும் என்பது சர்வதேசப் பொம்மைத் தர விதிகளின் அடிப்படை. ஏற்கெனவே வாங்கிய கூடாரத்தில் ஜிப் இருந்தால், அது மூடாதபடி துணியை மேலே சுருட்டித் தைத்துவிடலாம். வாசலுக்கு எதிர்ப்புறத்தில் வலைத்துணி வைத்த சாளரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் சித்திரை வெயிலில் உள்ளே புழுக்கம் சேராது. பெரியவர் எட்டிப் பார்க்கவும் அந்தச் சாளரம் உதவும்.

படி 3: துணியைக் கவனியுங்கள்

பருத்தித் துணி காற்றோட்டமானது. ஆனால் தீப்பற்றினால் விரைந்து எரியும். பாலியெஸ்டர் துணி சுருங்கி உருகும். உருகிய துளி தோலில் ஒட்டிக்கொண்டால் காயம் ஆழமாகும். ஆக, இரண்டில் எதுவும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. குழந்தை நுழையும் கூடாரத்தின் துணியில் தீ நொடிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது என்கிறது ஐரோப்பியப் பொம்மைத் தர விதி. அந்த எல்லைக்குள் அடங்கிய துணியிலும்கூட, ஒரு மீட்டர் தூரத்தைத் தீ ஏறக்குறைய 33 நொடிகளில் கடந்துவிடலாம். அடுப்படியில் இருக்கும் ஒருவர் புகை வாசம் உணர்ந்து ஓடிவருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும் என்பதால், 'தீ எதிர்ப்புத் துணி' என்ற சீட்டைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

படி 4: சட்டத்தை அசைத்துப் பாருங்கள்

மரக்கம்பு, பிளாஸ்டிக் குழாய், ஃபைபர் கம்பி, வளையும் எஃகுக் கம்பி என்று நான்கு வகைகள் பெரும்பாலும் கிடைக்கின்றன. மரக்கம்பில் சிராய் இல்லாதபடி தேய்த்திருக்க வேண்டும். ஃபைபர் கம்பி விரிசல் கண்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கையில் குத்தும்; எனவே அது முழுவதும் துணி உறைக்குள் அடங்கியிருக்க வேண்டும். சுருட்டி வைத்த எஃகுக் கம்பிக் கூடாரம் உறையிலிருந்து எடுத்தவுடன் வேகமாக விரிந்து முகத்தில் அடிக்கும் என்பதால், விரிப்பதும் மடிப்பதும் பெரியவர் வேலையாகவே இருக்கட்டும். நிறுத்திய பிறகு, குழந்தையின் தோள் உயரத்தில் கையை வைத்து நன்றாகத் தள்ளுங்கள். சாய்ந்தால் அந்தக் கூடாரம் வேண்டாம்.

படி 5: கயிறும் சிறு உறுப்புகளும்

தொங்கும் கயிறு, குஞ்சம், கொடி மாலை ஆகியவை கழுத்தில் சுற்றக்கூடும். அவற்றை வெட்டி எடுத்துவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதனுள் அடங்கும் எந்த உறுப்பும் மூச்சுக்குழலை அடைக்கலாம் என்று கொள்ளுங்கள். கூடாரத்துடன் வரும் அலங்கார விளக்குச் சரத்தில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதை வீட்டிலேயே வைக்காமல் இருப்பது நல்லது. விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.

படி 6: முத்திரையைப் பாருங்கள்

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையின் கீழே 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால், அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். இணையத்தில் வாங்கும்போது பெட்டியின் படத்தில் முத்திரை தெரியாவிட்டால், விற்பவரிடம் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள்.

படி 7: வீட்டில் நிறுத்தும் இடம்

சமையலறை, பூஜை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றிலிருந்து விலகிய இடமாக இருக்க வேண்டும். ஜன்னலோரமும் பால்கனியும் வேண்டாம். கூடாரத்தின் மேல் ஏறிக் கைப்பிடிச் சுவரை எட்டும் குழந்தைகள் உண்டு. டைல்ஸ் தரையில் வழுக்காத விரிப்பைக் கீழே போடுங்கள். கைக்குழந்தையை உள்ளே தூங்க வைக்கக் கூடாது. மெத்தென்ற தலையணைகள் முகத்தை மூடிவிடும்.

துணியைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் தையல்களையும் கம்பியின் நுனி உறைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் கண்ட கம்பியை ஒட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். மாற்றுக் கம்பி கிடைக்காவிட்டால் கூடாரத்தையே கழித்துவிடுங்கள்.