வழுக்குப் பாறைக்குப் பழைய மேஸ்

திருகோணமலையிலிருந்து நக்கிள்ஸ் மலைக்குப் போய் வழிகாட்டியோடு ஆற்றில் நடக்கிறவர்கள், பாசிப் பாறை வந்ததும் சப்பாத்துக்கு மேலே தடித்த பழைய மேஸ் (காலுறை) ஒரு சோடியை இழுத்துப் போடுங்கோ. விலை கூடின ஆற்றுச் சப்பாத்து தேவைப்படாது. றப்பர் அடி பாசியின் வழுவழுப்பில் மிதந்து சறுக்கும். துணி இழையோ அதற்குள் இறங்கிப் பாறையைப் பிடிக்கும். பருத்தியோ கம்பளியோ நல்லது, வழுவழுப்பான நைலோன் வேண்டாம்.

சேற்றுப் பாதையில் மேஸைக் கழற்றிவிடுங்கோ, சேறு அப்பினால் இன்னும் மோசமாக வழுக்கும். காய்ந்த பாறையில் சும்மா கிழிந்துதான் போகும். அந்த ஆறுகள் மகாவலியில் சேர்ந்து எங்கட கொட்டியாரக் குடாவுக்குத்தான் வருகின்றன, ஆனாலும் மலையில் அவற்றின் குணம் வேறு. மேலே மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்தால் மேஸை நம்பாமல் உடனே கரையேறுங்கோ.