ஏரிக்கரையில் பனை: பிள்ளைகளே நடத்தும் திட்டத்தை எப்படித் தொடங்குவது

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5-ஆம் தேதி மரக்கன்று நடுவதோடு உங்கள் திட்டத்தைத் தொடங்காதீர்கள். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. முதல் வருடம் அப்படித்தான் ஏரிக்கரையில் நாற்பது புங்கன், வேப்பங்கன்றுகளை நட்டோம். அடுத்த மே மாதம் விடுமுறை, அக்னி நட்சத்திர வெயில், தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பள்ளி திறந்து போய்ப் பார்த்தால் மூன்று கன்றுதான் மிச்சம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சொன்னாள்: "எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்க ஆடு மேயும்னு சொல்லியிருப்போமே மிஸ்." எங்கே நடுவது, எதை நடுவது, யார் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்திருந்தேன். அதனால் இப்போது ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நாங்கள் எதையும் நடுவதில்லை. நடக்கிறோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வரத்துக்கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் ஆரம்பித்து, தண்ணீர் வரும் திசைக்கு எதிராக மேலே போங்கள். எங்கள் பக்கத்தில் மோர்தானா அணையைத் திறந்தால் கால்வாய் வழியாகத்தான் ஏரிகளுக்குத் தண்ணீர் வரும். நூறு தப்படிக்கு ஒரு தடவை நின்று, என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) புதர், இடிந்த கரை, வீட்டுச் சாக்கடை கலக்கும் இடம், குப்பை. குப்பை என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன குப்பை, எத்தனை என்று எண்ண வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தடை செய்த கப்பும் கவரும் கால்வாயில் எத்தனை கிடக்கின்றன என்று தன் கையால் எண்ணிய பிள்ளை, வீட்டில் போய்க் கேள்வி கேட்கும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். முன்பு மதகு திறந்து மூடிய தாத்தா ஒருவர் எங்களுடன் வந்தார். நூறு நாள் வேலையில் கால்வாய் தூர் வாரிய அம்மாக்களுக்கும் எந்த இடத்தில் மண் சரியும் என்று தெரியும். "கடைசியா எப்ப கோடி போச்சு?" என்ற ஒரு கேள்வி போதும் (கோடி என்பது ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடம்), பேச்சு தானாக 2021 நவம்பர் வெள்ளத்துக்கு, பாலாறும் கவுண்டன்யா ஆறும் பெருக்கெடுத்த நாட்களுக்குப் போய்விடும். பிள்ளைகள் எழுதி முடிக்க முடியாமல் திணறுவார்கள்.

அடுத்து, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். எங்கள் பிள்ளைகள் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த பாலாற்றையே சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அந்த ஆசையை நான் மறுக்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. அந்தக் கதையைச் சொன்னேன். பிறகு மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினேன். நம் கையால் முடியுமா? பெரிய செலவில்லாமல் முடியுமா? மே மாதம் யாரும் பார்க்காவிட்டாலும் பிழைக்குமா? வேலிகாத்தானை வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும், அது முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. ஏரிக்கரையில் பனை நடுவது மூன்றையும் தாண்டியது.

அனுமதி கேட்க, ஏரி யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நிலப் பதிவேடான அ-பதிவேட்டைப் பார்த்தால் எது புறம்போக்கு, எது பட்டா நிலம் என்பது தெளிவாகும். மனுவைப் பிள்ளைகளே எழுதட்டும், எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்துங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை அவர்களே வாசிக்கட்டும். ஆடு மேய்ப்பவர்களும் அங்கே இருப்பார்கள், எந்தப் பக்கம் நடலாம் என்று அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டை இலவசம். எடை குறைந்த பழைய கொட்டையை ஒதுக்கிவிடுங்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். கரையின் வெளிச்சரிவில் ஓரடி ஆழக் குழி, குழிக்குக் குழி பத்தடி. கடப்பாரையை வீடுகளில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கையுறைக்கும் சாக்குக்கும்தான் எங்களுக்குச் செலவானது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்காமல் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போகாதீர்கள். புதருக்குள் பாம்பு இருக்கும், கால்வாயில் உடைந்த பாட்டில் கிடக்கும், செருப்பில்லாமல் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் கால்வாய்ப் பக்கமே போக வேண்டாம். அக்டோபர் 2 கிராம சபையில் எத்தனை நட்டோம் என்ற கணக்கைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் வருவதுதான் கஷ்டமான காலம். பனையின் முளை முதலில் பூமிக்குள் இறங்கும். பொங்கலுக்கு வேகவைத்துத் தின்கிறோமே, அந்தக் கிழங்குதான் அது. மேலே ஓலை தெரியப் பல மாதங்கள் ஆகும். செத்துவிட்டது என்று பிள்ளைகள் மனம் விட்டுவிடுவார்கள், சிலர் தோண்டிப் பார்ப்பார்கள். அதற்காகவே பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் பத்துக் கொட்டைகளைத் தனியாக நடுங்கள். மாதம் ஒன்றைத் தோண்டி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதட்டும். நான் கண்ட மிக நல்ல அறிவியல் வகுப்பு அதுதான்.

தலைமையை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுங்கள், பத்தாம் வகுப்புக்கு வேண்டாம், அவர்களுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரும் எட்டாம் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் நோட்டு கைமாறும். பனை காய்க்கப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை அந்த நோட்டு தொலையக் கூடாது. எங்கள் நோட்டில் கோடியிலிருந்து எத்தனையாவது தப்படியில் எந்தக் குழி, நட்டது யார், ஓலை எந்தத் தேதியில் தெரிந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அடுத்த வருடம் அதே குழியைத் தேடிப் போகும் பிள்ளைக்கு அந்தத் தப்படிக் கணக்குதான் வழி.