ஏஐ தந்த மேற்கோள் பட்டியலா? முதலில் டிஓஐ எண்ணைத் தட்டிப் பாருங்கள்

சாட்ஜிபிடி மாதிரியான கருவி எடுத்துக்கொடுத்த ஆய்வுக்கட்டுரை எதையும் உங்கள் கட்டுரையில் சேர்க்குமுன், 10 என்று தொடங்கும் அதன் டிஓஐ எண்ணை (கட்டுரையின் தனி அடையாள எண்) அப்படியே நகலெடுத்து, டிஓஐ டாட் ஓஆர்ஜி தளத்தில் ஒட்டுங்கள். திறக்கும் பக்கத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அந்த மேற்கோளைத் தூக்கிவிடலாம். ஒன்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இந்தக் கருவிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. அதனால் உண்மையான ஆய்வாளர் பெயர், உண்மையான ஆய்விதழ், இல்லாத கட்டுரை என்று நம்பும்படியாகக் கோத்துவிடும். டிஓஐ அப்படியல்ல, பதிப்பகம் பதிவு செய்த எண், ஒரு கட்டுரைக்கு ஒன்றுதான். சில சமயம் எண் திறக்கும், ஆனால் சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை வரும். அதனால் பக்கம் திறந்ததுமே திருப்தியடைந்துவிடாதீர்கள். கட்டுரை உண்மையாக இருந்தாலும், ஏஐ சொன்ன கருத்து அதில் இருக்கிறதா என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

சிங்கப்பூர்த் தமிழ் ஆய்வுகளுக்கு இந்த வழி பாதிதான் உதவும். பழைய தமிழ் நூல்கள், சிறப்பு மலர்கள், தமிழ் முரசுச் செய்திகள் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் டிஓஐ இருக்காது. எண் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாமல், தேசிய நூலக வாரியத்தின் பட்டியலிலும் அதன் பழைய செய்தித்தாள் தொகுப்பான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்திலும் தேடுங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் தேடும்போது இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்ப்பது நல்லது.