சமையல் மேடையின் உயரத்தை உடலளவு கொண்டு தீர்மானிப்பது எப்படி?

சமையல் மேடையைக் கட்டுவதற்கு முன், அங்கு அதிக நேரம் நின்று வேலை செய்பவரை இயல்பாக நிற்கச் செய்து, முழங்கையை மடக்கிய நிலையில் தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். காய் நறுக்குவதற்கு அந்த அளவைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்வான மேடை ஏற்றது; முழங்கை உயரம் 97 செ.மீ. எனில், மேடை 82 முதல் 87 செ.மீ.க்குள் அமையும். டைல்ஸ் பதித்து முடித்த தரையிலிருந்து கிரானைட்டின் மேற்பரப்பு வரையிலான உயரமே இது என்பதைக் கொத்தனாரிடம் முன்னதாகவே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

ஆனால் மேடை முழுவதும் ஒரே உயரத்தில் இருப்பது எல்லா வேலைக்கும் பொருந்தாது. மேடைமேல் வைக்கும் கேஸ் அடுப்பு பாத்திரத்தின் வாயை மேலும் உயர்த்திவிடுவதால், அடுப்பின் உயரத்தைக் கணக்கிட்டு அந்தப் பகுதியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். சிங்க்கில் கைகள் இயங்குவது விளிம்பில் அன்று, தொட்டியின் அடியில். ஆகவே அதன் விளிம்பைச் சில செ.மீ. உயர்த்தினால் முதுகு வளைவது குறையும். செலவைக் காரணம் காட்டிப் பலர் தவிர்க்கும் இம்மாற்றத்தையே நான் முதன்மையாகப் பரிந்துரைப்பேன்.

மேடையின் அடியில் கால் விரல்கள் நுழைய 7 அல்லது 8 செ.மீ. ஆழத்துக்கு இடைவெளி விட வேண்டும். மேல் அலமாரியின் எட்டும் உயரத்தை வீட்டில் மிகக் குள்ளமானவரையும், தலை இடிக்காத உயரத்தை மிக உயரமானவரையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.